விழுகிறவனின் ஐந்து படங்கள்

மழை வருவதற்கு முன்பே என் உள்ளங்கைகள் இரண்டும் வலிக்கத் தொடங்கிவிடும். இன்றைக்குக் காலையிலிருந்தே வலி. டாக்டர் கொடுத்த களிம்பு கொஞ்ச நேரம் கேட்கும், அப்புறம் பழையபடிதான். தூரிகை பிடிக்க முடிகிறது, அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கையைத் திருப்பிக் காட்டச் சொன்னீர்கள், காட்டினேன். குறுக்கே ஓடும் இந்தத் தழும்பைப் பார்க்கிற எல்லாருடைய முகமும் ஒரே மாதிரி இளகும். உங்கள் முகமும் இளகியது. பரவாயில்லை. தழும்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் தமிழ்ப் போலீஸ் அதிகாரி என்பதால் தமிழிலேயே சொல்கிறேன். ஆங்கிலத்தில் சொன்னால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

என் பெயர் அழகப்பன். வயது நாற்பத்து மூன்று. அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல் மூட்டை தூக்கினார். நாங்கள் இருந்த லைன் வீடுகளில் எல்லா ஆண்களும் எதையாவது தூக்கினார்கள், இல்லையென்றால் இழுத்தார்கள். நான் வரைந்தேன். அதை வேலை என்று அங்கே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் பலகை போட்டிருக்கும். மூட்டையோடு வருகிறவர்கள் சில சமயம் விழுவார்கள். சத்தம் கேட்ட பிறகுதான் நாங்கள் திரும்பிப் பார்ப்போம். பலகைமேல் நடந்த ஆளையும் பார்த்திருக்கிறேன், கீழே கிடந்த ஆளையும் பார்த்திருக்கிறேன். நடுவில் இருப்பதை நான் பார்த்ததில்லை. அங்கே யாருமே பார்த்ததில்லை.

சிலுவைராஜும் நானும் எழுபத்தொன்றிலிருந்து கூட்டாளிகள். சினிமா விளம்பரத் தட்டி, கடைப்பலகை, சுவர் விளம்பரம் என்று எது வந்தாலும் செய்தோம். உயரமான சுவர் என்றால் ஒருவன் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து மேலே தொங்குவான். அந்தக் கயிறு கூரையில் இருக்கும் உருளை வழியாகக் கீழே வரும். கீழே சுவரோரம் இரும்புக் கொக்கியில் அதை மூன்று சுற்றுச் சுற்றி மற்றவன் பிடித்திருப்பான். மேலே இருப்பவனுக்கு இடுப்பில் தனியாக இன்னொரு கயிறு உண்டு, அது கூரைக் கைப்பிடிச் சுவரில் கட்டியிருக்கும். எங்கள் தொழிலில் ஒரு சட்டம் இருந்தது. கயிறு பிடிக்கிறவன் கையில் வேறெதுவும் இருக்கக் கூடாது. சிகரெட் கூடாது, கோப்பி கூடாது, கொசு கடித்தால் கடிக்கட்டும் என்று நிற்க வேண்டும்.

ஒருமுறை சிலுவை எனக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தபோது குளவி அவன் காதில் கொட்டியிருக்கிறது. மேலே இருந்த எனக்குத் தெரியாது. கயிறு ஆடக்கூட இல்லை. இறங்கிப் பார்த்தால் காது உளுந்து வடை மாதிரி உப்பியிருந்தது.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்ல லா. ஒரு பொம்பளை வந்து முத்தம் குடுத்துட்டுப் போனா. பிரிஜட் கிட்ட சொல்லிடாத."

பிரிஜட் அவன் மனைவி. மார்சிலிங்கில் ஒரு அடுக்குமாடி புளோக்கில் மூன்று அறை வீடு, பிள்ளைகள் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை ராச்சாப்பாடு பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான். அவர்களுக்கு அன்று இறைச்சி கிடையாது. மீன் குழம்பில் பெரிய துண்டை எனக்குப் போடுவாள். சிலுவை குடிப்பான், அதையும் சொல்லிவிடுகிறேன். எண்பத்தாறு சாம்பல் புதன் அன்று மாதா கோவிலில் நெற்றியில் சாம்பலோடு இனிமேல் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான். பிரிஜட் வெள்ளியில் ஒரு சின்ன மாதா சுரூபத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அவன் கழுத்தில் கட்டினாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் வாசலில் நின்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "எங்க வீட்டுக்காரரு நிறுத்திட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம்தான் கோ என்கிற சீன முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஐயர் ராஜா தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஆபீஸ் வைத்திருந்தார். நான்கு கம்ப்யூட்டர், கண்ணாடி போட்ட சில பையன்கள், நடுங்க வைக்கிற ஏர்கான். கம்ப்யூட்டரில் விளையாடும் விளையாட்டு செய்து வெளிநாட்டுக்கு விற்பது அவர் தொழில். விளையாட்டுப் பெட்டிக்குள் ஒரு சித்திரக்கதைப் புத்தகமும் வைக்க நினைத்தார். சிராங்கூன் ரோட்டில் நான் வரைந்த ஒரு தட்டியைப் பார்த்துவிட்டு விசாரித்துக்கொண்டு வந்தார்.

முதலில் புத்தகத்துக்கு மட்டும்தான் வரைந்தேன். பிறகு அந்தப் பையன்கள் திரையில் செய்வதைப் பார்த்தேன். எல்லாம் கட்டம். எனக்கு அது புதிதில்லை. கையளவு போட்டோவில் கட்டம் போட்டு, தட்டியிலும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்கித்தான் நாங்கள் ஒரு நடிகரின் மூக்கை ஆளுயரத்துக்குக் கொண்டுவருவோம். திரையில் அதையே தலைகீழாகச் செய்ய வேண்டியிருந்தது. நான் முதலில் தாளில் வர்ணத்தில் வரைவேன், நிழல், தசை, துணி மடிப்பு எல்லாம் வைத்து. அதன்மேல் கட்டத்தாளை வைத்து எந்தச் சதுரம் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவு செய்வேன். பையன்கள் அதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவார்கள். மனிதனின் முகத்துக்கு மொத்தமே சில சதுரங்கள்தான். எதை விட்டாலும் அவன் செத்துவிடுவான். நான் எதையும் வீணாக விடவில்லை. என் வீரன் நடந்தபோது அந்தப் பையன்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து பார்த்தார்கள்.

வீரன் ஒரு கோட்டைச் சுவரில் ஏற வேண்டும், அதுதான் விளையாட்டு. ஏறுவது நன்றாக வந்தது, தாண்டுவதும் வந்தது. விழுவது வரவில்லை. விழுவதற்கு ஐந்து படங்கள் வேண்டும் என்று கோ சொல்லியிருந்தார். நான் எத்தனையோ தடவை வரைந்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"மிஸ்டர் அழகா, திஸ் ஒன் நாட் மேன் லா. திஸ் ஒன் ரைஸ் பேக்."

அரிசி மூட்டையாம். மூட்டை எப்படி விழும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னது சரி. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. விழுவது சரியாக வந்தால் நிரந்தர வேலை, நாற்காலி, சம்பளம் என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். படிக்கிறவர்களுக்கு அது புரியும். எனக்கோ அந்த நாற்காலியைவிட, தெரியாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

கோவிடம் மோட்டார் வைத்த கேமரா ஒன்று இருந்தது. விரலை அழுத்திப் பிடித்தால் படபடவென்று தானே எடுத்துக்கொண்டு போகும். அதை வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்சிலிங் போனேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் மெத்தையைப் போட்டோம். சிலுவை கல் மேசைமேல் ஏறி நின்று விழுந்தான். முன்னால் விழுந்தான், பின்னால் விழுந்தான். பக்கத்து வீட்டு முத்தாயி அக்கா மார்க்கெட் பையோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்ன சிலுவ, சினிமாவா?"

"ஆமாக்கா. ஹீரோ நான்தான். ஹீரோயினுக்கு உங்களத்தான் கேட்டிருக்காங்க."

"செருப்பு பிஞ்சிடும்."

பிரிஜட் மேலிருந்து இறங்கி வந்து, "மெத்தை என் சீதனம் அண்ணே, கிழிஞ்சா நீங்கதான் வாங்கித் தரணும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நல்ல நாள் அது.

படங்களைக் கழுவிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. மெத்தை இருக்கிறது என்று அறிந்த உடம்பு பொய் சொல்கிறது. தோள் முன்கூட்டியே மடங்கிக்கொள்கிறது, கண் இடத்தைத் தேடுகிறது. விழப்போகிறோம் என்று தெரிந்தவன் விழுவதில்லை, படுத்துக்கொள்கிறான்.

அப்போது எங்களுக்குச் சையது ஆல்வி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வேலை. நாலு மாடிக் கட்டிடத்தின் பக்கச் சுவர் முழுக்க ஒரு கோப்பித்தூள் விளம்பரம். சிலுவை மேலே, நான் கீழே. வெள்ளிக்கிழமை பகலில் தொழுகை நேரத்தில் அந்தச் சந்தில் ஆள் நடமாட்டம் இருக்காது, வெயிலும் நேராக அடிக்கும். கேமராவைப் பெயிண்ட் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனேன்.

"சிலுவ, புத்தகத்துக்கு ரெண்டு படம் எடுத்துக்கறேன். நீ பாட்டுக்கு வேலை பாரு" என்று கீழிருந்து கத்தினேன்.

"உனக்கு எப்பவும் இதே வேலதான். முகம் நல்லா விழுதா?"

"முகம் விழுது. இடுப்புக் கயிறுதான் உறுத்துது. வீரனுக்கு ஏதுடா கயிறு? கொஞ்ச நேரம் அவுத்து விடேன்."

அவன் யோசிக்கவே இல்லை. "சரி லா, நீதான கீழ இருக்க" என்று முடிச்சை அவிழ்த்துத் தொங்கவிட்டான். அந்த வார்த்தையை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கொக்கியில் மூன்று சுற்று இருந்தது. இரண்டைக் கழற்றினேன். மிச்சக் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டேன். ஒரு சுற்று இருந்தால் கயிறு ஒரு முழம் வழுகும், பிறகு தானே கவ்விக்கொள்ளும். ஒரு முழம் கீழே வந்து அவன் திடுக்கிட்டால் போதும், அந்தத் திடுக்கிடல்தான் எனக்கு வேண்டும். பிறகு அவன் என்னைத் திட்டுவான், நான் கோப்பி வாங்கித் தருவேன். அப்படித்தான் எனக்குள் சொல்லி வைத்திருந்தேன்.

என் இரண்டு கையிலும் கேமரா இருந்தது. காலை எடுத்தேன்.

கயிறு கவ்வவில்லை. நான் விரலை எடுக்கவில்லை. முதல் படத்தில் அவன் கையிலிருந்து தூரிகை பிரிகிறது. இரண்டாவதில் வாய் திறக்கிறது, சத்தம் இன்னும் வரவில்லை. மூன்றாவதில் அவன் என்னைப் பார்க்கிறான். நான்காவதில் வலது கை கழுத்துக்குப் போகிறது. ஆட்கள் விழும்போது காற்றைப் பிடிப்பார்கள் என்றுதான் நான் அதுவரை வரைந்திருந்தேன். அவன் காற்றைப் பிடிக்கவில்லை. கழுத்தில் இருந்த சுரூபத்தைப் பிடித்தான். ஐந்தாவதிலும் கை அங்கேதான் இருந்தது.

கேமராவைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். கயிற்றைக் கொக்கியில் இறுக்கிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு உள்ளங்கை வழியாக இழுத்தேன். ஒரு தடவை போதவில்லை. தோல் போகும்வரை இழுத்தேன். நீங்கள் பார்த்தது அந்தத் தழும்புதான்.

சிலுவைக்கு அப்போது உயிர் இருந்தது. சுவரோரம் பக்கவாட்டில் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு பார்த்தான், என்ன புரிந்துகொண்டான் என்று எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் என் கையைத்தான் பார்த்தான்.

"டேய்... கை போச்சேடா. வரையற கைடா அது."

அதுதான் கடைசி. பிறகுதான் நான் சத்தம் போட்டேன். தொழுகை முடிந்து சந்து முனையில் இருந்த தன் கடைக்குத் திரும்பிய ஜமால் முகம்மது ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை என் கையில் துணியைச் சுற்றிவிட்டு, "நீங்க என்ன செய்வீங்க தம்பி, முடிஞ்ச வரைக்கும் பிடிச்சிருக்கீங்க" என்று முதுகைத் தடவினார். அடக்கம் முடியும்வரை எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். பிரிஜட் என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுற்றியிருந்த கட்டு நனைந்தது.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு உறுத்தியது. ஏழாம் நாள் பூசை முடிந்து வரும்போது கேட்டாள்.

"அவரு ஏண்ணே இடுப்புக் கயித்த அவுத்தாரு? அவ்ளோ வருஷத்துல ஒரு நாளும் அவுத்ததில்லையே."

நான் தயாராக இல்லை. ஆனால் பதில் தானாக வந்தது. குரலைத் தாழ்த்தி, "காலையில கொஞ்சம் போட்டிருந்தான்மா. நான் போலீஸ்ல சொல்லல. நீயும் வெளிய சொல்லாத" என்றேன்.

அவள் மறுபடி எதுவும் கேட்கவில்லை. வேலை கொடுத்தவர்களிடம் நஷ்டஈடு கேட்டு எழுதலாம் என்று கோவிலில் சிலர் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டாள். குடித்தது வெளியே வந்துவிடும் என்று பயந்திருப்பாள். வாசலில் நின்று பேசுவதையும் விட்டாள். பூசைக்குக் கடைசி ஆளாக வந்து முதல் ஆளாகப் போய்விடுவாள். வீட்டுச் சுவரில் அவன் படத்தை மாட்டவில்லை. நானே ஒன்று வரைந்து தருகிறேன் என்றேன். "வேணாண்ணே. வாக்குக் குடுத்துட்டு ஏமாத்தினவரு" என்றாள்.

ஐந்து படங்களையும் வர்ணத்தில் வரைந்தேன். கட்டு பிரித்த கையோடு வரைந்தது, கோடு நடுங்கவில்லை. வரையும்போது அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பையன்கள் அதைத் திரையில் ஓடவிட்டார்கள். கோ கடைசியில் கேட்டார், "வொய் ஹி டச் ஹிஸ் நெக்?" பிறகு அவரே, "குட். வெரி ஹியூமன்" என்றார். எனக்கு நாற்காலி கிடைத்தது.

எண்பத்தெட்டில் பிரிஜட்டுக்கு நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு கடைத்தொகுதியில் தரை துடைக்கும் வேலை. சம்பளம் பற்றவில்லை என்று மார்சிலிங்கிலிருந்து அவ்வளவு தூரம் வந்தாள். மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர்க் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு திரையில் எங்கள் விளையாட்டு, யாரும் விளையாடாமலே தானாக ஓடிக்கொண்டிருக்கும். வீரன் ஏறுவான், விழுவான், மறுபடி ஏறுவான். அவள் அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைத்திருக்கிறாள்.

போன வாரம் என் அறைக்கு வந்தாள். வேலை உடுப்போடு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, அந்தக் கடையில பொம்மை ஒண்ணு விழுதே, அது நீங்க வரைஞ்சதா?"

"ஆமாம்மா."

"அது அவருதானே?"

"ஞாபகத்துல வரைஞ்சது. அவன் நெனப்பாவே இருந்துச்சு."

"கழுத்துக்கு ஏன் கை போவுது?"

நாற்காலியை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினேன். அவளே பேசினாள்.

"அவரு குடிக்கிற அன்னிக்கு சுரூபத்தைக் கழட்டி வாசல் ஆணியில மாட்டிட்டுத்தான் போவாரு. பழசுலேருந்து அப்படித்தான், அப்ப வேற சுரூபம். மாதாவப் போட்டுக்கிட்டு குடிக்கக் கூடாதுன்னு அவருக்கு ஒரு இது. ஆஸ்பத்திரில குடுத்த சாமான்ல சுரூபம் இல்ல. ஆணியிலயும் இல்ல. எங்கயோ கழட்டி வெச்சிட்டுக் குடிக்கப் போயிருக்காருன்னு நெனச்சு ரெண்டு வருஷமா அந்த மனுசனத் திட்டிக்கிட்டு இருக்கேன் அண்ணே. அது அவரு கழுத்துல இருந்துச்சா?"

"அது வெறும் படம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். உங்களிடம்தான் வந்திருக்கிறாள். நல்லது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைச் சொல்லாவிட்டால் நான் ஒரு முழம் என்று சொன்னதை நீங்கள் நம்பிவிடக்கூடும். மெத்தை போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் போன பிறகு, சிலுவையை நாலாம் மாடிக்கு அனுப்பி ஒரு காலிப் பெயிண்ட் வாளியைக் கீழே விடச் சொன்னேன். கேமராவைச் சோதிக்க வேண்டும் என்றேன். "ஹெச்டிபி வீட்டு ஆபீஸ்காரன் வந்தா உன்னத்தான் கைகாட்டுவேன்" என்று மேலிருந்து கத்திவிட்டு வாளியை விட்டான். படத்தைக் கழுவிப் பார்த்தேன். நாலு மாடி உயரத்திலிருந்து தரைக்கு வர ஐந்து படம். ஒரு முழத்துக்கு ஒன்றுகூட முழுதாகத் தேறாது. கோ கேட்டது ஐந்து. ஆகவே கொக்கியில் இரண்டு சுற்றைக் கழற்றும்போது எனக்குக் கணக்குத் தெரியும்.

இருந்தாலும் ஒன்று சொல்வேன். நான் கயிற்றைக் கையால் விடவில்லை. சிலுவையும் மற்றவர்களைப் போல ஒரேயடியாகப் போய்விடவில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். விழுந்து முடித்ததும் எழுந்து நிற்கிறான், மறுபடி ஏறுகிறான். அவனை யாரும் அப்படி வரைந்திருக்க முடியாது. துறைமுகத்தில் விழுந்தவர்களுக்கு இது கிடைக்கவில்லை.

சுரூபத்தின் கயிறு அவன் பிடித்த பிடியில் அறுந்து சந்தின் சாக்கடைக் கால்வாயோரம் கிடந்தது. ஜமால் முகம்மது வருவதற்குள் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கென்று அப்போது தெரியாது. வரையும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவியது. இப்போது என் பெயிண்ட் பெட்டியில், வெள்ளை டியூபுக்கு அடியில் இருக்கிறது. பிரிஜட்டுக்கு நான் தர வேண்டியது அந்த வெள்ளிச் சுரூபம் ஒன்று. அவளுக்கு வேறு கடன் எதுவும் நான் வைத்திருக்கவில்லை.